1970 ஷெவெல் எஸ்எஸ் 396: இப்படியே ஓட்டலாமா, பாடியைத் தூக்கி முழுசா ரெஸ்டோர் பண்ணலாமா?

நீலஷெவெல் எழுதியது:

வணக்கம். வண்டி 1970 ஷெவர்லே ஷெவெல், இரண்டு கதவு ஹார்ட்டாப். எஸ்எஸ் 396 (சூப்பர் ஸ்போர்ட், 396 கன அங்குல இன்ஜின்) பேட்ஜ், டர்போ 400 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் 12 போல்ட் ஆக்சில், முன்னால் டிஸ்க் பிரேக். ஓஹாயோவிலேயே ஓடிய வண்டி, பத்து வருஷத்துக்கு மேல் கராஜில் நின்றிருக்கிறது. இன்ஜின் கையால் சுற்றினால் சுற்றுகிறது, இன்னும் ஸ்டார்ட் பண்ணவில்லை.

பாடி: ஒருமுறை ரீபெயின்ட் ஆகியிருக்கிறது. பின்கண்ணாடிக்குக் கீழே கொப்பளம், டிரங்குக்குள் ஈரக்கறை, முன் சக்கரத்துக்குப் பின்னால் ஃபெண்டர் அடியில் துரு. கதவு இடைவெளிகள் சீராக இருக்கின்றன. சீட், டேஷ் பரவாயில்லை.

30,000 டாலர் வரை போடலாம், ஆனால் மூன்று நான்கு வருஷத்தில் பிரித்து. மெக்கானிக் வேலை நானே செய்வேன், வெல்டிங் வராது. பிரேக்கும் டயரும் மாற்றி அப்படியே ஓட்டுவதா, இப்போதே பிரித்து ஃபிரேம் வரை இறங்குவதா? பிரித்தபின் திரும்பச் சேர்க்காமலே கிடக்கும் வண்டிகள் நிறைய இருப்பதால்தான் தயக்கம்.

---

பட்டறைக்காரர் எழுதியது:

இதை இப்ப முடிவு பண்ண உங்ககிட்ட தகவல் போதாதுங்க. ஃபிரேம் எப்படி இருக்கு, உள்ள இருக்கிற இன்ஜின் இந்த வண்டியோட பொறந்த இன்ஜின்தானா, இந்த ரெண்டும் தெரியணும். பெயின்டை வச்சு முடிவெடுக்காதீங்க. ரெண்டையும் தெரிஞ்சுக்க ஒரு போல்ட்கூட நிரந்தரமா கழட்ட வேண்டியதில்ல.

பட்ஜெட்டைப் பத்தி ஒரு கணக்கு. முழு ஃபிரேம் ஆஃப் வேலை (பாடியை ஃபிரேம்லேருந்து தூக்கிச் செய்றது) 1000 மணி நேரத்தைச் சாதாரணமா தாண்டும். மணிக்கு 100 டாலர் வாங்குற ஷாப்புன்னா கூலியே ஒரு லட்சம். பார்ட்ஸ், குரோம், பெயின்ட் தனி. மெக்கானிக் வேலையை நீங்க செஞ்சாலும், பாடி வேலையும் பெயின்டும் வெளியதான் போகும், பெரும்பகுதி நேரம் அதுலதான். 30,000ல அது முடியாது. பாதியில நிக்கும்.

இன்ஜினை எழுப்புற வரிசை: பழைய பெட்ரோலை முழுசா இறக்குங்க. எட்டு பிளக்கையும் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறட்டும். ஆயில், ஃபில்டர் மாத்துங்க. அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டி, டிரில்ல பிரைமிங் ராடை (ஆயில் பம்பைச் சுத்துற கம்பி) மாட்டி அந்தப் பம்பைக் கடிகார திசையில சுத்துங்க. கழட்டுறதுக்கு முன்னாடி ரோட்டர் எங்க பார்க்குதுன்னு குறிச்சு வைங்க. வெறும் ராடு போதாது. ஷெவியில டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புதான் ஆயில் கேலரியோட (ஆயில் ஓடுற வழி) ஒரு பக்கத்தை அடைக்குது, அதனால காலர் வச்ச பிரைமிங் டூல் வேணும். இல்லாட்டி ஆயில் அந்த ஓட்டை வழியாவே கசிஞ்சிடும், மேல ராக்கருக்கு (வால்வைத் திறக்கிற கை) வராது. பதினாறு ராக்கர்லயும் ஆயில் வர்றதைப் பார்த்தபிறகு ஸ்டார்ட் பண்ணுங்க. பம்பைச் சுத்துறப்ப நடுவுல கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்திவிடணும்.

ஆயில் விஷயத்துல கவனம். இது ஃபிளாட் டேப்பெட் கேம், வால்வைத் தள்ளுற லிஃப்டர் உருளை இல்லாம கேம் மேல உரசியே ஓடும். இப்ப கடையில கிடைக்கிற 5டபிள்யூ-30 மாதிரி ஆயில்ல பாஸ்பரஸ் 800 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 800 பங்கு) மேல இருக்காது, அதோட சேர்ந்து வர்ற துத்தநாகமும் குறைவு. கேம் லோபுக்கு (கேமோட மேடு) 1000லேருந்து 1200 பிபிஎம் வரைக்கும் துத்தநாகம் இருக்கிற ஆயில் போடுங்க, பழைய கார்களுக்குன்னே 10டபிள்யூ-30 வருது.

கார்புரேட்டர் குவாட்ராஜெட்டா (ரோச்செஸ்டரோட நாலு வாய் மாடல்) இருந்தா அதைத் திறக்காம ஓட்டாதீங்க. ஃபோம் மாதிரி இருக்கிற ஃபிளோட் வருஷக்கணக்குல பெட்ரோலைக் குடிச்சுக் கனமாகிடும், நீடில் மூடாது, மேல வழியும். சூடான இன்டேக் மேல பெட்ரோல் வழிஞ்சா தீதான். அடியில இருக்கிற வெல் பிளக்கும் (துளையை அடைக்கிற மூடி) கசியும், அதனாலதான் ரெண்டு நாள் நின்ன வண்டி நீளமா கிராங்க் பண்ணினாதான் எழும். ஃபியூவல் லைன் வர்ற பெரிய நட்டைக் கழட்டும்போது ரெண்டு ஸ்பேனர் போடுங்க, ஒண்ணு நட்டுல, ஒண்ணு லைன் ஃபிட்டிங்ல. ஒரே ஸ்பேனர்ல திருகினா கார்ப் உடம்புல இருக்கிற மரை போயிடும். ரப்பர் ஹோஸ் எல்லாம் மாத்துங்க, 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10 பெட்ரோலுக்குத் தாங்கறது 30ஆர்7 அல்லது 30ஆர்9னு அச்சடிச்சது.

பிரேக்ல மூணு ரப்பர் ஹோஸும் கட்டாயம் மாத்தணும். வெளிய நல்லா இருக்கும், உள்ள வீங்கி அடைச்சிருக்கும். மிதிச்சா பிடிக்கும், விட்டா விடாது, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின் வீல் சிலிண்டரோட ரப்பர் உறையை விலக்கிப் பாருங்க, உள்ள ஈரம் இருந்தா மாத்திடுங்க. பிரேக் ஆயில் டாட் 3 போதும். பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடதுன்னு பிளீட் பண்ணுங்க (லைன்ல இருக்கிற காத்தை எடுங்க). டயர்ல டாட் எண்ணோட கடைசி நாலு இலக்கம் வாரமும் வருஷமும். மூணு இலக்கம்தான் இருக்குன்னா அது 2000க்கு முந்தின டயர், காத்து பிடிச்சாலும் ரோட்டுக்கு ஆகாது. அசல் சைஸ் எஃப்70-14, இப்ப 225/70ஆர்14 சரியா உட்காரும்.

---

துருவேட்டை எழுதியது:

ஓஹாயோ வண்டி என்றால் சாலை உப்பு. ஷெவெல் ஃபிரேமில் துரு முதலில் பிடிக்கும் இடம், பின் ஆக்சிலுக்கு மேலே வளைந்து ஏறி மறுபடி இறங்கும் பகுதியும் அதற்குப் பின்னால் பம்பர் வரையுள்ள பகுதியும். சேறும் உப்பும் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

சிறிய பால்-பீன் சுத்தியலால் இரண்டு ரெயிலையும் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல உலோகம் கணீரென்று ஒலிக்கும், செதில் பிடித்த இடம் மொத்தென்று கேட்கும். மந்தமாகக் கேட்ட இடத்தில் பழைய ஸ்க்ரூடிரைவரை ஊன்றி அழுத்துங்கள், உள்ளே போனால் அங்கே உலோகம் இல்லை. பாடி மவுண்ட் உட்காரும் கிண்ணங்களையும் கீழ் கன்ட்ரோல் ஆர்ம் பிராக்கெட்டுகளையும் அப்படியே பாருங்கள்.

பின்கண்ணாடிக் கொப்பளம் வெளித்தோல் துரு அல்ல. கண்ணாடி உட்காரும் சானலில் டிரிம் கிளிப்புக்கான குட்டி ஸ்டட்டுகள் இருக்கும், அவற்றைச் சுற்றித்தான் ஆரம்பிக்கும். தண்ணீர் அங்கே தேங்கி, பேக்கேஜ் டிரே வழியாக டிரங்குத் தரைக்கு இறங்குகிறது. உங்கள் ஈரக்கறை அதுதான். ஒருவர் டிரங்குக்குள் டார்ச்சோடு படுத்துக்கொள்ள, இன்னொருவர் வெளியிலிருந்து ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டால் பத்து நிமிஷத்தில் உறுதியாகிவிடும். இதற்குக் கண்ணாடியை எடுத்து சானலை வெட்டி ஒட்ட வேண்டும், ஆனால் ஃபிரேமிலிருந்து பாடியைத் தூக்க வேண்டியதில்லை. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் பலர் முழு ரெஸ்டொரேஷனில் இறங்குகிறார்கள்.

பட்டி எவ்வளவு இருக்கிறது என்று அறிய பெயின்ட் அளவி வாங்குங்கள். ஃபேக்டரி பெயின்ட் 3 முதல் 6 மில் (ஒரு மில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). மேலே இன்னொரு பெயின்ட் இருந்தால் 10, 15 வரை போகும். 40க்கு மேல் காட்டினால் அடியில் பட்டி. பின் குவார்ட்டர் பேனலில் சக்கர வளைவைச் சுற்றியும் அதன் கீழ்மூலைகளிலும் முதலில் வையுங்கள்.

---

கௌல்டேக் எழுதியது:

பேட்ஜை நம்ப வேண்டாம். 1970ல் எஸ்எஸ் என்பது தனி மாடல் இல்லை, ஆப்ஷன் பேக்கேஜ். 396க்கு இசட்25, 454க்கு இசட்15. வண்டி எண் 136ல் தொடங்கினால் வி8 என்று மட்டும் தெரியும், எஸ்எஸ் என்று சொல்லாது. கௌல் டேக்கும் (ஃபயர்வாலில் இருக்கும் பாடி தகவல் தகடு) பொதுவாகச் சொல்லாது. (அந்த வருஷ 396 உண்மையில் 402 கன அங்குலம், பேட்ஜ் மட்டும் பழையது. அளவு 402 என்று பார்த்து யாராவது "இன்ஜின் மாறியிருக்கு" என்றால் பதற வேண்டாம்.)

பாண்டியாக்குக்குப் பழைய பில்லிங் ஆவணங்களை எழுதி வாங்கலாம், அமெரிக்காவில் விற்ற ஷெவெலுக்கு அப்படி வழியில்லை. கனடாவில் முதலில் விற்ற வண்டியானால் மட்டும் ஜிஎம் கனடா ஆவணம் தரும். மிச்சமிருப்பது பில்ட் ஷீட்டும் (ஃபேக்டரியில் வண்டியின் ஆப்ஷன்களை அச்சிட்ட தாள்) வாரன்டி புத்தகத்தில் வரும் உலோகத் தகடும்தான். பில்ட் ஷீட் பெரும்பாலும் பெட்ரோல் டேங்க் தலைமேல் இருக்கும், சில சமயம் சீட் ஸ்பிரிங்கில் செருகியிருக்கும்.

இன்ஜின் எண்: பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் தட்டையான சின்ன மேடை. ஆல்டர்னேட்டரும் அழுக்கும் மறைத்திருக்கும். பிரேக் கிளீனரும் துணியும் மட்டும் போதும், கம்பி பிரஷ் கூடவே கூடாது. வண்டி எண்ணின் பின்பகுதியும் இன்ஜின் சஃபிக்ஸும் (வகைக் குறியீடு) அங்கே அடித்திருக்கும். ஃபேக்டரி கட்டர் விட்ட மெல்லிய கோடுகள் எழுத்துகளுக்கு அடியில் தெரிய வேண்டும். மேடை கண்ணாடிபோல் மழமழவென்று இருந்து எண் மட்டும் கூர்மையாக இருந்தால், பின்னால் யாரோ அடித்தது. டிரைவர் பக்கம் கார்புரேட்டர் உடம்பில் செங்குத்தாக எண் இருக்கும், 1970 குவாட்ராஜெட் 704 என்று தொடங்கும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. அந்த மேடையும் பிளாக்கின் டெக்கும் (ஹெட் உட்காரும் தளம்) ஒரே மட்டம். மெஷின் ஷாப்பில் "டெக் பண்ணிடலாமா?" என்று கேட்டு நீங்கள் தலையாட்டினால், அந்தத் தளத்தைச் சீவும் ஒரே ஓட்டத்தில் எண் போய்விடும். வண்டியின் மதிப்பில் பெரும்பங்கு அதோடு போகும். ஒர்க் ஆர்டரில் எழுத்தாக எழுதிக் கொடுங்கள்: மேடையைத் தொடக்கூடாது. டேஷில் உள்ள வண்டி எண் தகட்டையும் பெயின்ட்டுக்காக என்றுகூடக் கழற்றாதீர்கள், அது சட்டச் சிக்கல்.

---

ஃபுல்ரெஸ்டோ எழுதியது:

எல்லாரும் ஓட்டு ஓட்டு என்கிறீர்கள். மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரேம் இரண்டு பக்கமும் அரித்திருந்தால், பிரேக் மாற்றி ஓட்டுவது பாதுகாப்பும் இல்லை, சிக்கனமும் இல்லை. இப்போது சரிசெய்யும் எக்ஸாஸ்ட், பிரேக் லைன், பெட்ரோல் லைன் எல்லாவற்றையும் அப்போது மறுபடி கழற்ற வேண்டும். அந்த நிலையில் இருந்தால் தூக்கிவிடுங்கள்.

ஆனால் தூக்கும் முறை முக்கியம். பாடி மவுண்ட் ஒவ்வொன்றுக்கும் நடுவே உள்ள ஷிம் (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) எத்தனை, எந்த இடம் என்று எழுதிவையுங்கள். கதவு இடைவெளி அந்த ஷிம்மில்தான் நிற்கிறது. ராக்கர் அல்லது தரை மாற்றுவதானால் கதவு வாசலில் குறுக்குக் கம்பி வெல்ட் செய்தபிறகே வெட்ட வேண்டும். மவுண்ட் போல்ட்டுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பெனட்ரேட்டிங் ஆயில் விடுங்கள். உள்ளே கூண்டில் இருக்கும் நட் சேர்ந்து சுற்ற ஆரம்பித்தால், தரையில் மேலிருந்து சதுரமாக வெட்டித்தான் பிடிக்க முடியும்.

மணல் பிளாஸ்ட் ஃபிரேமுக்குச் சரி. பானெட், கூரை, டிரங்க் மூடி மாதிரி அகலமான தகட்டில் மணல் அடித்தால் தகடு அலை அலையாக நெளிந்துவிடும், அதைத் தட்டி எடுக்கவே முடியாது. அங்கே பிளாஸ்டிக் மீடியாவோ கெமிக்கல் ஸ்ட்ரிப்பரோதான். சோடா அடித்தால் அந்த உப்பு முழுசாகக் கழுவிப் போக வேண்டும், இல்லாவிட்டால் எபாக்சி பிரைமர் உரிந்து வரும். ஃபிரேமிலும் ஹீட்டர் பாக்ஸுக்குப் பின்னால் கௌலிலும் வண்டி எண்ணின் பகுதி அடித்திருக்கும். அந்த இடத்தில் பிளாஸ்ட்டும் கூடாது, கனமான பவுடர் கோட்டும் கூடாது.

பழைய பேனலை, புதுசு வந்து உட்கார்ந்து பார்க்கும்வரை தூக்கிப் போடாதீர்கள். ரீப்ரோ (புதிதாக நகலெடுத்துச் செய்த) ஃபெண்டர் எதுவும் பெட்டியிலிருந்து எடுத்ததும் பொருந்துவதில்லை.

---

நீலஷெவெல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. சொன்ன வரிசையில் பார்த்தேன்.

இன்ஜின் ஓடுகிறது. சூடாக்கி, பிளக் எல்லாம் கழற்றி, திராட்டில் முழுக்கத் திறந்து கம்பிரஷன் எடுத்தேன். ஏழு சிலிண்டர் 150-160 பிஎஸ்ஐ, ஐந்தாவது மட்டும் 95. ஆயில் விட்டு மறுபடி எடுத்தால் 100, அவ்வளவுதான் ஏறியது. லீக்டவுனில் (காற்று அடைத்துக் கசிவு பார்க்கும் சோதனை) அதே சிலிண்டர் 40 சதவீதம், எக்ஸாஸ்ட் பைப்பில் சீறல். ஆயில் பிரஷர் சூட்டில் 2000 ஆர்பிஎம்மில் 38 பிஎஸ்ஐ.

மேடை எண் வண்டி எண்ணோடு ஒத்துப்போகிறது, கோடுகளும் தெரிகின்றன. கார்ப் 704.

ஃபிரேம் இடதுபக்கம் முழுக்கக் கணீர். வலதுபக்கம் ஆக்சிலுக்குப் பின்னால், கடைசி பாடி மவுண்டுக்குச் சற்று முன்னால் மட்டும் ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனது, கால் டாலர் நாணயம் அளவு. சுற்றி இரண்டு அங்குலம் மெல்லிசாகத் தெரிகிறது. இரண்டு குவார்ட்டரிலும் சக்கரத்துக்குக் கீழே 40 மில்லுக்கு மேல், மற்ற இடமெல்லாம் 9-12. பின்கண்ணாடிக் கசிவு உறுதி.

டைமிங் செயினையும் பார்க்க வேண்டுமா?

---

பட்டறைக்காரர் எழுதியது:

ஆயில் விட்டும் ஏறலேன்னா ரிங் இல்ல, வால்வு. எக்ஸாஸ்ட்ல சீறுதுன்னா எக்ஸாஸ்ட் வால்வு. அடிப்பக்கம் நல்லா இருக்கு, பிளாக்கைத் தொடவே வேணாம். டெக் பேச்சே வராது.

செயின் பார்க்கணும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழட்டி, கிராங்கைப் பிரேக்கர் பாரால ஒரு பக்கம் சுத்தி நிறுத்துங்க. இப்ப எதிர்ப்பக்கம் மெதுவா, ரோட்டர் அசையத் தொடங்குற வரைக்கும். கிராங்க் 8 டிகிரிக்கு மேல நகர்ந்த பிறகுதான் ரோட்டர் அசையுதுன்னா செயின் தளர்ந்தாச்சு. அந்தக் கால ஜிஎம் வி8 பலதுல கேம் பல்சக்கரம் அலுமினியம், பல்லு நைலான். நைலான் நொறுங்கி ஆயில் பேன்ல விழுந்து ஆயில் பம்போட பிக்கப் வலையை அடைக்கும். இரும்பு டபுள் ரோலர் செட் போட்டுடுங்க, பேனையும் இறக்கிக் கழுவுங்க.

ஹெட் ரெண்டையும் கழட்டுங்க, ஒண்ணை மட்டும் இல்ல. கெட்டிப்படுத்தின எக்ஸாஸ்ட் சீட் இப்ப போட்டுக்கலாம். ஈயம் இல்லாத பெட்ரோலுக்கு அது வேணும்னு பலர் இதுக்காகவே ஹெட்டைக் கழட்டச் சொல்வாங்க. வாரக்கடைசி ஓட்டத்துக்கு அந்த அவசரம் கிடையாது, எப்படியும் கழட்டுறதால செய்றோம். லிஃப்டர் வெளிய வந்தா எந்த லோபுலேருந்து வந்ததோ அதே ஓட்டைக்குத் திரும்பிப் போகணும். அட்டைப்பெட்டியில பதினாறு ஓட்டை போட்டு எண் எழுதி வைங்க. மாறிப் போச்சுன்னா கேம் லோபு தேய்ஞ்சு போகும். ஹெட் போல்ட் தண்ணி ஜாக்கெட்டுக்குள்ள இறங்குற இடத்துல நூலுக்கு சீலன்ட் தடவுங்க, மூணு சுத்துல 80 பவுண்ட்-அடி.

ஃபேக்டரி ஹெட் கேஸ்கெட் மெல்லிசு தகடு, சுமார் 0.020 அங்குலம். காம்போசிட் போட்டா 0.040 வாக்குல வரும், 10.25 கம்பிரஷன் கொஞ்சம் இறங்கும். 91 ஆக்டேன்தான் கிடைக்கிற இடத்துல அது நல்லதுதான். மொத்த இக்னிஷன் அட்வான்ஸை 34 டிகிரில ஆரம்பிங்க, தட்டல் இல்லேன்னா 36 வரை.

இவ்வளவும் முடிச்சு ஒரு கோடை முழுக்க ஓட்டுங்க. குவார்ட்டர் பட்டி எங்கயும் ஓடிப் போகாது.

---

கௌல்டேக் எழுதியது:

ஓட்டப் போகிறீர்கள் என்றால் இன்ஷூரன்ஸில் "ஒத்துக்கொண்ட மதிப்பு" பாலிசி எடுங்கள். "சொல்லப்பட்ட மதிப்பு" என்று இன்னொன்று விற்பார்கள், அதில் வண்டி போனால் அவர்கள் நினைக்கும் மதிப்பைத்தான் தருவார்கள். தினமும் வேலைக்கு ஓட்டுவதை இந்தப் பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை, பூட்டிய கராஜும் கேட்பார்கள்.

அந்த 9-12 மில் இடங்களில், பெயின்ட் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போதைக்குத் தேய்க்காதீர்கள். அடியில் ஃபேக்டரி லாக்கர் இருக்கலாம். வண்டி எந்த நிறத்தில் பிறந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

---

துருவேட்டை எழுதியது:

நாணயம் அளவு ஓட்டைக்கு முழு ஃபிரேம் ஆஃப் வேண்டாம். மெல்லிய இடம் முடிந்து நல்ல உலோகம் தொடங்கும்வரை வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்து வெல்ட் செய்தால் போதும். ஓட்டையின் மேல் தகட்டை ஒட்டவைக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இரண்டு தகட்டுக்கு நடுவே மறுபடி ஈரம் தங்கும். வெல்டரை வரவழைப்பதற்கு முன் வலதுபக்கப் பாடி போல்ட்டுகளைக் கழற்றி, இடதுபக்கத்தைத் தளர்த்தி, ராக்கருக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கில் ஒன்றிரண்டு அங்குலம் தூக்குங்கள். ரேடியேட்டர் பாடியோடு சேர்ந்து எழும், ஷ்ரவுடைக் (ஃபேனைச் சுற்றிய கூடு) கழற்றாவிட்டால் ஃபேனில் முட்டும். ஸ்டீயரிங் தண்டின் ரப்பர் இணைப்பையும் விடுவியுங்கள். அந்த நேரத்திலேயே புது பாடி புஷ்ஷைச் செருகிவிடலாம், ஷிம் எண்ணிக்கை மாறாமல்.

அதற்கும் முன்னால் பெட்ரோல் டேங்க் கீழே வர வேண்டும். உங்கள் ஓட்டை டேங்க்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. டேங்க் காலியாக இருந்தாலும் ஆவி இருக்கும், அது வண்டியில் இருக்கும்போது அந்த இடத்தில் கிரைண்டர்கூட ஓட்டக்கூடாது. இறக்கி வேறு கட்டடத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள்.

பில்ட் ஷீட் இன்னும் இருந்தால் அதுவும் அப்போதுதான் கண்ணில் படும். ஸ்ட்ராப்பை விட்டதும் டேங்க்கை சாய்க்காமல் ஜாக்கில் மட்டமாக இறக்குங்கள். தாள் ஒட்டியிருந்தால் கையால் உரிக்காமல், இருக்கிற நிலையிலேயே முதலில் படம் எடுங்கள். துருவோடு ஒட்டிப்போயிருந்தால் வெந்நீர் ஆவி லேசாகக் காட்டி, அகலமான மெல்லிய பட்டித்தகட்டை அடியில் நகர்த்தி எடுத்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்துக் காயவிடுங்கள்.